280 அடி நீருக்கடியில் போர்வெல் கேமராவுக்குள் தண்ணீர்: எந்த வழியாக நுழைகிறது?

ஊற்றுக்கண் (வேடசந்தூர்), திங்கள் காலை 7.10

நண்பர்களுக்கு வணக்கம். போர்வெல்லுக்குள் கேமரா இறக்கிப் பார்த்துச் சொல்வது என் தொழில். மோட்டார் எங்கே சிக்கியிருக்கிறது, ஊற்று எந்த அடியில் வருகிறது, கேசிங் பைப்புக்குக் கீழே மண் சரிகிறதா என்று விவசாயிகளுக்குத் திரையில் காட்டுவேன். எட்டு மாதத்தில் மூன்றாவது முறையாகக் கேமராவுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மூன்று முறையும் உள்ளே இருந்த சர்க்யூட் போர்டு போய்விட்டது. இனி ஒருமுறை மாற்ற என்னிடம் பணம் இல்லை.

நேற்று நடந்தது இது. போரின் ஆழம் 620 அடி. நீர்மட்டம் 240 அடியில். கேமரா 520 அடியில் நின்றது. இருபது நிமிடம் படம் தெளிவாக இருந்தது. பிறகு ஓரங்களில் பால் ஊற்றியதுபோல் வெளுத்தது. ஐந்து நிமிடத்தில் படமே இல்லை. மேலே எடுத்துக் கழற்றினால் உள்ளே இரண்டு தேக்கரண்டித் தண்ணீர்.

உடல் 60 மி.மீ. எஸ்.எஸ். குழாய். முன்னால் 48 மி.மீ. கண்ணாடி, பின்னால் மூடி, மூடியின் நடுவே கேபிள் கிளாண்டு (கேபிள் நுழையும் இடத்தை இறுக்கி அடைக்கும் திருகு). இரண்டு பக்கமும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். இரண்டாவது முறை கெட்ட பிறகு, 2.5 மி.மீ. ரிங்கை எடுத்துவிட்டுத் தடிமனாக இருந்தால் நன்றாக அடைக்கும் என்று 3 மி.மீ. ரிங் போட்டேன். அதன்மேல் சிலிக்கான் சீலண்டும் தடவினேன். ஒவ்வொரு முறையும் இறக்குவதற்கு முந்தைய இரவு வாளித் தண்ணீரில் கேமராவை மூழ்க வைத்துப் பார்க்கிறேன். விடியும்வரை ஒரு சொட்டுகூட இறங்கியதில்லை. போருக்குள் போனால் மட்டும் ஏன் இப்படி?

பாசிக்குளம், திங்கள் காலை 8.25

இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. போர்டை வைத்துக் குழாய் முழுவதும் எபாக்சி (கலந்து ஊற்றினால் கல்லாக இறுகும் பிசின்) ஊற்றி இறுகவிட்டு விடுங்கள். காற்றே இல்லாத இடத்தில் தண்ணீர் எங்கே போகும்? என் மீன் தொட்டி விளக்குகளை அப்படித்தான் செய்திருக்கிறேன், நான்கு ஆண்டுகளாக எரிகின்றன.

கடைசல்_பட்டறை (கோவை), திங்கள் காலை 9.40

தம்பி, முதலில் அந்த வாளியை மறந்துவிடுங்கள். வாளியில் இருப்பது ஓர் அடித் தண்ணீர். போரில் நீர்மட்டத்திற்குக் கீழே நீங்கள் இறக்கியது 280 அடி. அதாவது 85 மீட்டர், சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய எட்டரை கிலோ பிரஷர். உங்கள் 48 மி.மீ. கண்ணாடியின் பரப்பு 18 சதுர செ.மீ. எட்டரையால் பெருக்கிப் பாருங்கள், 150 கிலோவுக்கு மேல் வரும். மூன்று சிமெண்ட் மூட்டைகளை அந்தக் கண்ணாடியின்மேல் அடுக்கியதற்குச் சமம். பின்மூடி கண்ணாடியைவிடப் பெரியது என்றால் அதன்மேல் இன்னும் அதிகம்.

இரண்டாவது, 3 மி.மீ. ரிங் போட்டதைப் படித்ததும் வருத்தமாக இருந்தது. ரிங் உட்காரும் பள்ளம், அதாவது காடி, அதன் அளவு என்ன? வெர்னியர் வைத்து ஆழமும் அகலமும் பார்த்துச் சொல்லுங்கள்.

ஊற்றுக்கண், திங்கள் பகல் 12.05

ஆழம் 1.9, அகலம் 3.3 ஐயா. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவு.

கடைசல்_பட்டறை, திங்கள் பகல் 1.15

நினைத்தேன். அந்தக் காடியை வெட்டியவர் தொழில் தெரிந்தவர். 2.5 மி.மீ. ரிங்குக்கு அளந்து வெட்டியது அது. மூடி உட்கார்ந்ததும் ரிங் 0.6 மி.மீ. நசுங்கும், கால்பங்குக்குச் சற்றுக் குறைவு. அசையாத மூடிக்கு அதுதான் நல்ல அளவு. அகலத்தில் மிச்சம் விட்டிருப்பதும் வேண்டுமென்றுதான். ரப்பரை அமுக்கலாம், ஆனால் அதன் கன அளவைக் குறைக்க முடியாது. ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் பிதுங்கும். பிதுங்க இடம் வேண்டும். டென்மார்க்கில் பிறந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1937இல் அமெரிக்காவில் இந்த ரிங்குக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ரிங்கைவிட அகலமான காடிதான் அவருடைய கண்டுபிடிப்பின் உயிர். இன்றுவரை அது மாறவில்லை.

இப்போது உங்கள் 3 மி.மீ. ரிங்கின் கணக்கைப் பாருங்கள். குறுக்கே வெட்டினால் அதன் பரப்பு 7 சதுர மி.மீ. காடியின் பரப்பு 1.9 பெருக்கல் 3.3, அதாவது 6.3. ஏழை ஆறேகாலுக்குள் எப்படித் திணிப்பீர்கள்? காடி நிறைந்த பிறகும் ரப்பர் மிச்சம் இருக்கிறது. மூடி உலோகத்தோடு உலோகம் உட்காராமல் மிதக்கிறது. திருகை இறுக்க இறுக்க ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் தூக்கும், ரப்பரின் விளிம்பு கடிபடும்.

சீலண்டையும் நகத்தால் சுரண்டியாவது முழுமையாக எடுங்கள். ஓ-ரிங் தண்ணீருக்கு எதிராகச் சும்மா நிற்பதில்லை. தண்ணீர் தள்ளும்போது காடியின் உள்சுவர்ப் பக்கம் நகர்ந்து, அங்கே இடுக்கை இன்னும் இறுக்கமாக மூடிக்கொள்ளும். பிரஷர் ஏற ஏற அதன் பிடியும் ஏறும். காய்ந்த சீலண்டு அந்த நகர்வைத் தடுத்துவிடும். கிரீஸ் மட்டும் போதும். அதுவும் ரிங் பளபளக்கும் அளவுக்கு விரலால் ஒரு பூச்சு. கிரீஸ் தண்ணீரை அடைக்காது, ரிங் முறுக்காமல் வழுக்கி உட்காரத்தான் அது.

எபாக்சி ஊற்றச் சொன்ன நண்பருக்கு: விளக்குக்கு அது சரி. லென்ஸுக்கு முன்னால் எபாக்சி போனால் படம் எப்படி வரும்? கேபிள் நுழையும் இடத்துக்கு மட்டும் அது தேவைப்படலாம், அதைப் பிறகு பேசுவோம்.

பவளத்திட்டு (தூத்துக்குடி), திங்கள் மாலை 6.30

மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளுக்கு அருகே கேமராக்களை வைத்து எடுக்கும் ஆய்வுப் பணியில் இருக்கிறேன். உங்கள் பிரஷரில் ஐந்தில் ஒரு பங்குகூட எங்களுக்கு இல்லை, ஆனால் உப்புநீர். பெட்டிக்குள் தண்ணீர் பார்த்த அனுபவம் நிறைய உண்டு.

கடைசல் ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எதையும் மாற்றும் முன் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று பார்க்க வேண்டும். நீங்கள் மேலே எடுத்தவுடன் அவசரத்தில் கழற்றி, கவிழ்த்து, துடைத்திருப்பீர்கள். மனம் பதறும்போது எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். அதோடு சாட்சியும் போய்விடுகிறது.

அடுத்த முறை வெளிப்புறத்தை முதலில் நன்றாகத் துடையுங்கள். போருக்குள் தொங்கிய அதே நிலையில், கண்ணாடி கீழே இருக்கும்படி பிடித்துக்கொண்டு மெதுவாகத் திறங்கள். ரிங்கை எடுக்காமல் அதன் வெளிப்பக்கத்தையும் உட்பக்கத்தையும் பாருங்கள். வெளிப்பக்கம் ஈரமாக இருப்பது இயல்பு. உட்பக்கம் கிரீஸ் கலையாமல் உலர்ந்திருந்தால் தண்ணீர் அந்த வழியாக வரவில்லை.

"ஒருவேளை உள்ளே இருந்த காற்றின் ஈரம்தான் வேர்த்துவிட்டதோ" என்று யாரேனும் சொல்லலாம். இல்லை. 32 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றில்கூட ஒரு கன மீட்டருக்கு 34 கிராம் நீர்தான் இருக்கும். உங்கள் கேமராவுக்குள் 150 மி.லி. காற்று இருக்கும் என்று வைத்தால், அதிலுள்ள ஈரம் முழுவதும் குளிர்ந்து நீராகினாலும் ஒரு சொட்டில் பத்தில் ஒரு பங்கு. கண்ணாடியில் மூச்சுப் படிந்ததுபோல் தெரியும், அவ்வளவுதான். தேக்கரண்டியில் அளக்கும் தண்ணீர் வெளியிலிருந்துதான் வந்திருக்கிறது.

சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் துண்டில் காயவையுங்கள். வேர்த்த நீர் சுவடில்லாமல் காய்ந்துவிடும். கடல்நீர் உப்புப் படிகங்களை விட்டுச்செல்லும். உங்கள் பகுதிப் போர்நீர் கடினமானது என்றால் வெள்ளை வளையம் ஒன்று மிஞ்சும்.

இன்னொன்று, நாங்கள் எப்போதும் செய்வது. டிஷ்யூ தாளைக் குறுகலான பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, கண்ணாடியை ஒட்டி ஒன்று, பின்மூடியின் ரிங்கை ஒட்டி ஒன்று, கேபிள் உள்ளே வரும் இடத்தைச் சுற்றி ஒன்று என்று வையுங்கள். ஒரு சொட்டு பட்டாலும் கோடு கசிந்து பரவிவிடும். தாள் பிறகு காய்ந்தாலும் மை பரவிய தடம் அழியாது.

ஊற்றுக்கண், திங்கள் இரவு 9.20

அக்கா, நீங்கள் சொன்னதுபோல் துடைத்துவிட்டேன்தான். ஆனால் போர்டை இன்னும் எறியவில்லை. உங்கள் பதிவைப் படித்ததும் டார்ச் வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தேன். கேபிள் முனைகளைச் சேர்த்த இடம் பச்சை பிடித்திருக்கிறது. அங்கிருந்து ஒரு வெள்ளைக் கோடு, பேனாவால் இழுத்ததுபோல், சிவப்பு ஒயரை ஒட்டியே கீழே இறங்கிப் போர்டின் விளிம்புவரை வந்திருக்கிறது. கண்ணாடிப் பக்கத்தில் அப்படி எதுவும் இல்லை.

செம்புக்கம்பி (தாராபுரம்), செவ்வாய் காலை 6.15

வெள்ளைக் கோடு என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் 22 ஆண்டுகளாக நீர்மூழ்கி மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறேன். எங்கள் தொழிலில் கேபிளை ஒயர் என்று மட்டும் பார்த்தால் பிழைக்க முடியாது. கேபிள் ஒரு குழாய். உள்ளே திரித்த செம்பு இழைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது. மூன்று நான்கு கோர்களுக்கு (தனித்தனி உறையிட்ட உள் ஒயர்களுக்கு) நடுவே அதைவிடப் பெரிய இடைவெளி இருக்கிறது. மேலுறையில் எங்காவது ஒரு கீறல் விழுந்தால் தண்ணீர் அங்கே நுழைந்து, பிரஷர் இல்லாத பக்கம் நோக்கி நடக்கத் தொடங்கும். உங்கள் கேமராவுக்குள் பிரஷர் இல்லை. ஆகவே அது கேமராவைத் தேடித்தான் வரும்.

நீங்கள் எழுதியதில் இரண்டு செய்திகளை மீண்டும் படியுங்கள். முதல் இரண்டு முறை தண்ணீர் புகுந்தபோது சரியான 2.5 மி.மீ. ரிங்தான் இருந்தது. எனவே 3 மி.மீ. ரிங் தவறுதான் என்றாலும் நோயின் வேர் அதுவல்ல. அடுத்தது, இருபது நிமிடம் படம் நன்றாக இருந்தது. மூடி கடிபட்டிருந்தால் அவ்வளவு நேரம் தாங்கியிருக்குமா? கேபிளுக்குள் நடந்து வரத் தண்ணீருக்கு நேரம் பிடிக்கும்.

வாளியில் ஏன் தெரியவில்லை என்று கேட்டீர்கள். வாளிக்குள் கேமராவைத்தானே வைத்தீர்கள், கேபிள் வெளியே சுருளில் இருந்தது. அதைச் சோதிக்கவே இல்லையே.

கேமராவிலிருந்து ஓர் அடி மேலே கேபிளை வெட்டிப் பாருங்கள். புதிய செம்பு ரோஜா நிறத்தில் மின்ன வேண்டும். கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் தண்ணீர் அந்த வழியே பலமுறை போயிருக்கிறது.

கடைசல்_பட்டறை, செவ்வாய் காலை 8.00

காயில்காரர் சொல்வது சரியாகத்தான் படுகிறது. ரிங்கைப் பார்த்ததும் என் கண் அங்கேயே நின்றுவிட்டது. ஆனாலும் தம்பி, 2.5 ரிங்குக்கு மாற்றிவிட்டே மேற்கொண்டு பாருங்கள். நைட்ரைல் ரப்பர், கடினம் 70 என்று கேட்டு வாங்குங்கள்.

கிளாண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன்மேல் ஐபி68 என்று, தண்ணீர் புகாமைக்கான தரக்குறி அச்சிட்டிருக்கும். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழம், அரை மணி நேரம் என்று அளவு உண்டு. ஐபி68 என்பது அதைவிடக் கடுமையான சோதனை, ஆனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரித்தவர்தான் சொல்ல வேண்டும். அவர் அஞ்சு கிலோ என்று எழுதியிருந்தால் உங்கள் எட்டரைக்கு அது ஆகாது.

பாசிக்குளம், செவ்வாய் காலை 8.50

கேபிளில் கீறல் இருந்தால் மெகர் (மின்கசிவு இருக்கிறதா என்று அளக்கும் மீட்டர்) காட்டிக்கொடுத்துவிடுமே? தண்ணீரில் ஊறவைத்து ஒரு முறை அளந்தால் போதாதா?

செம்புக்கம்பி, செவ்வாய் காலை 9.30

இந்த இடத்தில்தான் பலரும் ஏமாந்திருக்கிறார்கள். நானும் ஏமாந்திருக்கிறேன். மெகர் அளப்பது செம்பைச் சுற்றியிருக்கும் உள்ளுறையை. கீறியது வெளி உறை மட்டும் என்றால் ஒவ்வொரு கோரின் உள்ளுறையும் பழுதில்லாமல் இருக்கும், மெகரில் நல்ல அளவு வரும். தண்ணீரோ கோர்களுக்கு நடுவே சாவகாசமாக இறங்கிக்கொண்டிருக்கும்.

பழைய_லைன்மேன் (மதுரை), செவ்வாய் பகல் 11.45

தொலைபேசித் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தரைக்கடியில் போகும் பெரிய கேபிள்களுக்குள் உலர்ந்த காற்றை லேசான அழுத்தத்தில் நிரப்பி வைப்போம். எங்காவது உறை கிழிந்தால் காற்று வெளியே வரும், தண்ணீர் உள்ளே நுழையாது. அழுத்தம் குறைவதைப் பார்த்தே கிழிசல் எந்தப் பகுதியில் என்று தேடிப் போவோம்.

அதையே வீட்டில் செய்யலாம். கேமரா பக்க முனையைப் பசை டேப்பால் நன்றாக அடைத்துவிடுங்கள். மேல் முனையில் ரப்பர் குழாயைக் கிளிப் போட்டு மாட்டி, சைக்கிள் பம்பால் அரை கிலோ அளவுக்கு மட்டும் காற்று ஏற்றுங்கள். அதிகம் வேண்டாம், உறை ஊதிப் பிரியும். நீளமான கேபிளில் காற்று போய்ச்சேர நேரமாகும். பத்து நிமிடம் பொறுத்துவிட்டு, கேபிளைச் சுருள் சுருளாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டுக் கையால் நகர்த்திக்கொண்டே வாருங்கள். தொட்டி அசையாமல் இருக்க வேண்டும். ஊசிமுனை போன்ற குமிழி ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்திலிருந்து எழுந்தால் அதுதான் இடம்.

ஊற்றுக்கண், வியாழன் இரவு 10.40

அனைவருக்கும் நன்றி. இரண்டு நாள் தொழிலுக்குப் போகாமல் இதையே செய்தேன்.

முதலில் போர்டு இல்லாமல் வெறும் உடல். 2.5 ரிங் போட்டு, கிளாண்டை எடுத்துவிட்டு அந்த ஓட்டையைத் திருகு ஆணியாலும் வாஷராலும் அடைத்து, அக்கா சொன்ன தாள் பட்டைகளை வைத்து மூடினேன். எங்கள் தோட்டத்தில் கைவிட்ட போர் ஒன்று இருக்கிறது. நீர்மட்டம் 90 அடி. எஃகுக் கயிற்றில் 380 அடிவரை இறக்கினேன். நீருக்கடியில் 290 அடி. ஒரு மணி நேரம் கழித்து எடுத்தேன். மூன்று கோடுகளும் நான் போட்டபடியே இருந்தன. திறக்கும்போது கை நடுங்கியது.

அடுத்து அதே உடல், அதே ரிங், போர்டு மட்டும் இல்லை. கிளாண்டும் கேபிளும் பழையபடி மாட்டி அதே ஆழத்துக்கு இறக்கினேன். நாற்பது நிமிடத்தில் எடுத்தேன். கண்ணாடிப் பக்கத் தாளில் பாதி நனைந்திருந்தது, ஏனென்றால் தண்ணீர் கடைசியில் தங்குவது அங்கேதான். பின்மூடி ரிங்கை ஒட்டிய தாள் உலர்ந்திருந்தது. கேபிளைச் சுற்றி வைத்த தாளில் நீலக் கோடு இருந்த இடமே தெரியவில்லை. முழுவதும் மை. கேபிளை வெட்டினேன். செம்பு இழைகள் கரித்துண்டுபோல் கறுத்திருந்தன.

லைன்மேன் ஐயாவின் வழியில் மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் தேடினேன். முனையிலிருந்து 38 அடியில் குமிழி வந்தது. அந்த இடத்தில் ஆழக்குறிக்காக நானே சுற்றிய டேப் இருந்தது. பிரித்தால் அதன் ஓரத்தில் நகம் நுழையாத அளவுக்கு ஒரு வெட்டு. கேசிங் பைப்பின் வாயில் கேபிள் உரசிய இடம் அது என்று நினைக்கிறேன்.

38 அடியையும் வெட்டிக் கழித்துவிடலாமா? புதிய முனையை எப்படிச் சேர்ப்பது?

செம்புக்கம்பி, வெள்ளி காலை 5.50

நாற்பதாக வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் செம்பு ரோஜா நிறமாக இருக்கிறதா என்று பாருங்கள். கறுத்திருந்தால் நல்ல செம்பு வரும்வரை இன்னும் மேலே போங்கள்.

இனி ஒருநாள் எங்காவது உறை கீறும், அது இந்தத் தொழிலில் தவிர்க்க முடியாதது. அப்போதும் கேமராவுக்குள் தண்ணீர் வராதபடி நுழைவாயிலில் ஓர் அணை கட்ட வேண்டும். மூடிக்குள் போகும் முன் வெளி உறையை இரண்டு அங்குலம் உரியுங்கள். ஒவ்வொரு கோரிலும் அரை அங்குலம் அளவுக்குச் செம்பைத் திறந்து, ஈயம் இழைகளுக்குள் ஊறிப்போகும்வரை சூடாக்குங்கள். மேலே மட்டும் ஈயம் பூசினால் பயனில்லை. உள்ளே ஊறினால்தான் இழைகளுக்கு நடுவே உள்ள வழி அடைபடும். ஒரு கோரில் திறந்த இடமும் அடுத்த கோரில் திறந்த இடமும் அருகருகே வரக்கூடாது, ஏறியும் இறங்கியும் இருக்கட்டும். பிறகு அந்த இரண்டு அங்குலமும் உறை முடியும் இடமும் சேர்ந்து எபாக்சிக்குள் மூழ்க வேண்டும். அப்போது உறைக்குள் வரும் தண்ணீரும் நிற்கும், இழைக்குள் வரும் தண்ணீரும் நிற்கும்.

கடைசல்_பட்டறை, வெள்ளி காலை 7.35

எபாக்சி ஊற்றும் குழியை நான் கடைந்து தருகிறேன் தம்பி, பழைய மூடியை பார்சலில் அனுப்புங்கள். குழி வெளிப்பக்கம் அகலமாகவும் உட்பக்கம் குறுகலாகவும் இருக்க வேண்டும். எட்டரை கிலோ தண்ணீர் தள்ளத் தள்ள அந்த எபாக்சி ஆப்புபோல் இன்னும் இறுகும். நேர்க்குழியாக இருந்தால் ஒருநாள் மொத்தமாக உள்ளே நழுவும்.

ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம், இரவு முழுவதும் இறுகும் வகையை வாங்குங்கள். வெயிலில் பத்து நிமிடம் வைத்தால் இளகும், குமிழிகள் மேலே வந்துவிடும். கேபிள் உறையை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட் துணியால் துடைத்து, அதன்பின் விரல் படாமல் ஊற்றுங்கள். இரண்டு தவணையாக ஊற்றினால் நல்லது. ஒரே நேரத்தில் நிறைய ஊற்றினால் தானே சூடேறிச் சுருங்கும்.

பவளத்திட்டு, வெள்ளி காலை 10.10

ஸ்பிரிட் கண்ணாடியில் படலாம். ஆனால் யாரேனும் இதைப் படித்துவிட்டு அக்ரிலிக் முகப்பு வைத்த பெட்டியில் அதே துணியால் துடைத்துவிடாதீர்கள். அக்ரிலிக்கில் ஸ்பிரிட் பட்டால் முடியளவு விரிசல்கள் ஓடும். எங்களிடம் ஒரு குவிமுகப்பு அப்படிப் போயிருக்கிறது. சோப்பு நீர் போதும்.

உள்ளே லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் தண்ணீர் புகுந்த பெட்டியை முகத்துக்கு நேரே வைத்துத் திறக்க வேண்டாம். உள்ளே வாயு சேர்ந்து அழுத்தம் ஏறியிருக்கலாம், மூடி தெறிக்கும். திறந்த வெளியில், மூடி எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வைத்து, திருகுகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள்.

ஊற்றுக்கண், அடுத்த புதன் மாலை 5.30

மூடி திங்களன்று வந்தது. ஐயா கூலி வாங்க மறுத்துவிட்டார், என்ன சொல்வதென்றே தெரியவில்லை. ஈயம் வைத்து, இரண்டு தவணையாக எபாக்சி ஊற்றி, ஒருநாள் முழுவதும் விட்டேன். இன்று போர்டு இல்லாமல் மூன்று முறை 380 அடிக்கு இறக்கினேன், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம். கேபிளைச் சுற்றிய தாளை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கோடு கூர்மையாக இருக்கிறது.

புதிய போர்டுக்கு மைத்துனரிடம் கடன் கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை ஒரு வேலை வந்திருக்கிறது. கேசிங் வாயில் கேபிள் உரசாமலிருக்க என்ன செய்யலாம்?

கடைசல்_பட்டறை, அடுத்த புதன் இரவு 8.05

கேபிளின் வெளி விட்டம் எவ்வளவு என்று அளந்து அனுப்புங்கள். நைலானில் கப்பி கடைந்து, ஆறரை அங்குல கேசிங் வாயில் கவ்வும்படி ஒரு தாங்கியோடு வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன்.

ஊற்றுக்கண், அடுத்த புதன் இரவு 8.20

9.2 மி.மீ. ஐயா. கப்பி வந்த பிறகே இறக்குகிறேன்.